பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள்

(கலவானப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், வருடக் கடைசி விடுமுறை முடியும் தறுவாயில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பாடசாலை ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தாய்மாரே, தகப்பன்மாரே, அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு நேராக இங்கே வந்திருக்கிற அக்காமாரே, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஓரமாக உட்கார்ந்திருக்கிற பாட்டிமாரே, வெளியில் நிற்கிற அண்ணன்மாரும் உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப் போகிற விஷயத்தில் பாதி உங்களைப் பற்றியதுதான்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிற புத்தகங்களிலும் டீவியிலும் "கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது" என்று சொல்வார்கள். அங்கே ஏப்ரல், மே வெயிலுக்கு மூடி ஜூனில் திறக்கிறார்கள். நமக்குக் கோடை எங்கே இருக்கிறது? சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் குடியிருக்கிறோம். மே மாதம் என்றால் நமக்கு வெயில் ஞாபகம் வராது, வெள்ளம்தான் ஞாபகம் வரும். நமக்கு உள்ளது மூன்று தவணை, மூன்று லீவு. சித்திரைக்கு ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, வருடக் கடைசியில் ஒன்று. அந்தக் கடைசி லீவுதான் வீட்டை மாற்றிப் போடுகிற லீவு.

அதுவும் முன்பு போல டிசம்பரில் மூடி ஜனவரி முதல் கிழமையில் திறப்பது என்று நிலையாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியதிலிருந்து கணக்கு புரண்டு போனது. 2023இல் புது வகுப்பு மார்ச் கடைசியில் தொடங்கியது. 2024இல் பெப்ரவரி 19, 2025இல் ஜனவரி 27. "போன வருஷம் மாதிரித்தானே இருக்கும்" என்று இருந்து முதல் கிழமையை விட்டவர்கள் இந்தத் தோட்டத்திலேயே உண்டு. திகதியைக் கேட்டுக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இப்போது ஒரு வீட்டைச் சொல்கிறேன். யார் வீடு என்று தேடாதீர்கள். இந்த லயங்களில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஏறக்குறைய இதே வீடுதான்.

பள்ளிக்கூடம் நடக்கிற காலத்தில் அந்த வீட்டு அம்மா விடிய நாலு மணிக்கு எழும்புகிறாள். அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பீலியில் இரண்டு நடை தண்ணீர் பிடித்து, மூத்த பிள்ளைக்குத் தலை பின்னி, நடுவிலானை அதட்டி எழுப்பி, சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து இந்த மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டும். பிந்திப் போனால் பேர் கிடைக்குமோ கிடைக்காதோ. மத்தியானம் ஓடி வந்து அரிசி போட்டு, திரும்ப மலைக்குப் போய், அந்திக்கு நிறுத்துவிட்டு வரும்போது சின்னது அழுது களைத்திருக்கும். இது உங்களுக்குத் தெரியாததா?

லீவு விடுகிறார்கள். மூத்த பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. முதல் மூன்று நாள் நன்றாகத் தூங்குகிறாள். தூங்கட்டும், பாவம். நாலாம் நாள் அம்மா சொல்லாமலே தண்ணீர் பிடித்து வைக்கிறாள். அடுத்த கிழமை மத்தியானம் அம்மா வரும்போது சோறு வடித்து, பருப்பும் கறியும் இருக்கிறது. பெரியவள்தான் வீட்டில் இருக்கிறாளே என்று சின்னதை மடுவத்துக்குக் கொண்டுவருவதும் நின்றுபோகிறது. உடுப்புத் துவைத்துக் காய்கிறது. பாட்டிக்கு நேரத்துக்கு மருந்து கிடைக்கிறது. அம்மா மலையில் கடைசி மட்டும் நின்று எடுக்கிறாள், நாளைக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கொழுந்து விழுகிறது. அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு கை முளைத்துவிட்டது.

பிறகு பள்ளிக்கூடம் திறக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டு வீட்டை எப்படி நடத்துவது? திங்கட்கிழமை சின்னதுக்குச் சளி, "இன்னிக்கி ஒரு நாள் இரும்மா, நாளைக்குப் போவலாம்." செவ்வாய்க்கிழமை சீருடை தைத்து வரவில்லை. புதன்கிழமை மழை. வியாழன், வெள்ளி இரண்டு நாள்தானே, அடுத்த கிழமை போகலாம். அடுத்த கிழமை பிள்ளையே சொல்கிறது: "நான் போகலம்மா, டீச்சர் ஏசுவாங்க. பாடம் எல்லாம் முன்னுக்குப் போயிருச்சு."

நான் வகுப்பு இடாப்பு மார்க் பண்ணுகிறவள். ஒரு பிள்ளை படிப்பை விட்டது என்றால் ஜூனிலோ ஜூலையிலோ விட்டது என்று ஊரில் பேசுவார்கள். இடாப்பைப் பின்னால் புரட்டிப் பார்த்தால் முதல் இரண்டு கிழமையிலேயே அந்தப் பெயருக்கு நேரே பூச்சியம் பூச்சியமாக நிற்கும். யாரும் அந்தப் பிள்ளையை நிறுத்தவில்லை. "இனிப் படித்தது போதும்" என்று எந்தத் தாயும் சொல்லவில்லை. லீவு அந்த வீட்டில் முடியவே இல்லை, அவ்வளவுதான்.

தாயைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கூட்டம் போட்டு "பிள்ளைகளைப் படிப்பியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே அலுப்பு வரும். படிப்பு வேண்டாம் என்று இங்கே யார் சொன்னார்கள்? தண்ணீர் யார் பிடிப்பது, சின்னதை யார் கூட்டி வருவது, அரிசியை யார் போடுவது என்று கேட்டால்தான் அந்தப் பேச்சுக்கு ஒரு பிரயோசனம் உண்டு. ஆகவே இந்தப் பத்து நாளில் ஒரு நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூத்தவள் லீவில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சொல்லும்போதே தெரியும், அது எவ்வளவு என்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் வேறு ஒரு ஆளைச் சொல்லுங்கள்.

சின்னதை நாளைக்கே மடுவத்துக்குக் கொண்டுவரத் தொடங்குங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குத்தான் கொண்டு வருவேன் என்றால் அது அழும், பாலும் சோறும் தொடாது, அக்காவைக் கேட்கும், அக்கா நின்றுவிடுவாள். பத்து நாள் முந்தி வந்தால் அழுகிற அழுகை எல்லாம் லீவுக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது, இப்போது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாருக்கு. மலையில் புல்லு வெட்டோ, கவ்வாத்தோ, மருந்தடிப்போ, உங்கள் கணக்கு முடிந்தால் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் லயத்துக்கு வந்துவிடுகிறீர்கள். றப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிய இருட்டில் போவது உண்மை. அவர்களும் பகலுக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரி அந்திக்குத்தான் வருகிறாள். நடுவில் இருக்கிற அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது? சிலர் மரக்கறிப் பாத்தி கொத்துகிறீர்கள், நல்லது. சிலர் கூட்டாளிகளோடு சந்திக்குப் போகிறீர்கள். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, இது பொது இடம். பீலித் தண்ணீரும் அரிசிப் பானையும் அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் அடங்கும். போன முறை ஒரு மாமா என்னிடம் நேராகவே சொன்னார்: "டீச்சர், ஆம்பளை கொடம் தூக்கினா லயத்துல சிரிப்பாங்க." சிரிக்கட்டும் மாமா. மூணு நாளைக்குச் சிரிப்பாங்க. நாலாவது நாள் சிரிக்கிறவங்க வீட்டு அக்கா, தன் புருஷனைக் கேள்வி கேப்பாங்க. (சிரிப்பு)

இனி மகன்மாரைப் பற்றி. பெண்பிள்ளை வீட்டுக்குள்ளே காணாமல் போகிறாள் என்றால், பையன் வெளியே போகிறான். லீவில் நாட்டுப்பக்கம் சில்லறைத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தால் அன்றன்றைக்குக் கையில் காசு. இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் குழி வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். கொழும்பில் கடையில் நிற்க, ஹோட்டலில் பீங்கான் கழுவ, ஊரிலிருந்து ஒரு ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகிறான். "லீவு மட்டும்தானே டீச்சர், சப்பாத்து வாங்கிற காசையாவது ஒழைச்சிட்டு வரட்டும்." அந்த நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சப்பாத்துக்குப் போனவன் கைத்தொலைபேசியோடு வருகிறான். கையில் காசு பார்த்த பதினைந்து வயதுக்காரனை வகுப்பில் வாங்கில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1998இலிருந்து 5 வயது முதல் 14 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போவது கட்டாயம் என்று இருந்தது. 2016இல் அது 16 வயது வரை என்று கூட்டப்பட்டது. வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. அதே 2021இல்தான் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்து போனது. நாடு முழுக்கப் பேசினார்கள், ஊர்வலம் போனார்கள். அந்தப் பிள்ளையும் குடும்பக் கஷ்டத்துக்காகத்தான் போனது. உங்கள் பிள்ளை இப்போது வெளியில் வேலைக்குப் போயிருந்தால், "எப்ப வர்றே?" என்று கேட்காதீர்கள். "இந்தத் திகதிக்கு வா" என்று சொல்லுங்கள், வரவில்லை என்றால் தகப்பனோ மாமனோ போய்க் கூட்டி வாருங்கள். கூட்டிக்கொண்டு போன ஆளின் பேச்சை நம்பி இருக்க வேண்டாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. நமது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியில்தான் கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்து முடிக்க 1970களும் 80களும் ஆனது. இங்கே உட்கார்ந்திருக்கிற பாட்டிமாரில் சிலர் ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அரிச்சுவடிப் பிள்ளையும் சேர்ந்து படித்தவர்கள். பாடப்புத்தகம் 1980இலிருந்து இலவசம். சீருடைத் துணி 1993இலிருந்து இலவசம்; நடுவில் சில வருஷம் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் இலவசம் என்று எழுதியிருக்கிற பலகைக்குப் பின்னால் தையல்கூலி இருக்கிறது, கொப்பி இருக்கிறது, சப்பாத்து, பை, குடை, பஸ் காசு இருக்கிறது. 2022 நெருக்கடியில் கொப்பி விலை ஏறிய ஏற்றத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த நேரத்தில்தான் தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. பொங்கல் செலவும் இதோடு சேர்ந்து வருகிறது. சம்பளச் சிட்டையைப் பார்த்தால் கண்ணீர்தான் வரும். ஆகவே எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க நினைக்க வேண்டாம். கடைக்காரன் வாசலில் கட்டித் தொங்க விடுகிற படம் போட்ட பையைப் பிள்ளை கேட்கும். போன வருஷத்துப் பைக்கு வார் பிய்ந்திருந்தால் தைத்துக் கொடுங்கள். கொப்பி முதலில் ஐந்து போதும். எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் என்று ஆசிரியர்கள் சொன்ன பிறகு மிச்சத்தை வாங்கலாம். சொல்வதற்கு முந்தி இருபது கொப்பி வாங்கி, பிறகு "இது சரியில்லை" என்று நாங்கள் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது, அது எங்கள் பக்கத்துக் குறை. சப்பாத்து இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையையும் வீட்டில் வைக்காதீர்கள். செருப்போடு அனுப்புங்கள், கேட்டால் நான் பேசுகிறேன். லயத்தில் சீட்டுப் பிடிக்கிற அக்காமார் ஒரு வேலை செய்யலாம்: பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்துச் சீட்டை ஏலம் கூறாமல், பிள்ளைகள் கூட உள்ள வீட்டுக்குக் கொடுங்கள். இது என் யோசனைதான், கட்டாயம் இல்லை.

நம்ம பக்கத்து மழைக்கு ஒரு தனிப் பேச்சு வேண்டும். வெள்ளைச் சீருடையைக் கண்டுபிடித்தவர் கலவானவில் ஒரு கிழமை குடியிருந்திருந்தால் வேறு நிறம் சொல்லியிருப்பார். வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிற இடம் இது. ஒரு சட்டை உள்ள பிள்ளை, அந்திக்குத் துவைத்தால் விடியக் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்தால் மஞ்சள் பிடித்துப் புகை மணக்கும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைப் பொத்தும். அது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒரு மூக்குப் பொத்தலுக்காகப் பள்ளிக்கூடம் வராமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். பழைய சட்டையை வீசாதீர்கள். அளவு சின்னதாகப் போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து, பெரிய வீட்டுச் சட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியாவது ஒரு பிள்ளைக்கு இரண்டு சட்டை இருக்கட்டும். துவைத்ததும் பழைய துணியில் சுருட்டி முறுக்கிப் பிழிந்துவிட்டு, புகை படாத பக்கமாகக் காம்பராவுக்குள் கொடி கட்டுங்கள்.

மழை என்றதும் கடுதாசிகளையும் சொல்ல வேண்டும். 2003 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2017 மே மாதம் திரும்பவும் வந்தது. பாத்திரம் போனது, கோழி போனது, அதோடு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழும் போனது. நமக்குக் கடுதாசியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமை இல்லை என்று ஆக்கினார்கள், 2003இல் வந்த சட்டத்தோடுதான் மிச்சம் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. நடுவில் ஐம்பத்தைந்து வருஷம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி போட்ட விபரம் உள்ள சுகாதார அட்டை, பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், இவற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, முகட்டுப் பக்கம் உயரமாக வையுங்கள். முதலாம் தரத்துக்குப் போகிற பிள்ளைக்கு ஜனவரி 31இல் 5 வயது முடிந்திருக்க வேண்டும், விண்ணப்பமும் முந்திய வருஷம் நடுவிலேயே கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வருஷத்துக்கு விட வேண்டிய சின்னதுகள் உள்ள வீடுகள் இப்போதே சான்றிதழைப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், பதிவே இல்லை என்றால், கலவான பிரதேச செயலகத்தில் திருத்த வேண்டும். அது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை, இரண்டு மூன்று பேர் போய்விடும். பக்கத்து லயத்துக்காரரோடு சேர்ந்து ஒரே நாளில் போனால் நலன்புரி உத்தியோகத்தரும் கூட வரச் சம்மதித்திருக்கிறார்.

ஐந்தாம் தரம் முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள்ளே உள்ள சின்னப் பள்ளிக்கூடம் அதோடு முடிகிறது. ஆறாம் தரத்துக்கு வெளியே போக வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம், பஸ் நேரத்துக்கு இல்லை. பக்கத்தில் சிங்களப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நம்ம சப்ரகமுவப் பக்கத்தில் நிறையக் குடும்பங்கள் அங்கே சேர்க்கிறார்கள். சேர்ப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் உட்கார வைப்பதை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் இரண்டு மாதத்தில் பிள்ளை பாட்டியோடு பேசுகிற பேச்சு குறையும், அதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். வீட்டில் தமிழ் எழுத்து மறக்காமல் இருக்கப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் இந்த மடுவத்திலேயே வகுப்பு நடத்த நான் தயார். எந்தப் பள்ளிக்கூடம் என்றாலும், முதல் நாள் பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். பதினொரு வயது, புது இடம், பெரிய பிள்ளைகள். யாராவது ஒருவர் அன்றைக்கு அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று கூடப் போங்கள்.

நேரத்துக்குத் தூங்குவதும் எழும்புவதும் இன்றைக்கே தொடங்கட்டும். இரவு பதினொரு மணி வரை டீவியும் போனும் பார்த்த பிள்ளை, திறக்கிற அன்றைக்கு ஐந்து மணிக்கு எழும்பாது. ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலமாக முந்தி எழுப்புங்கள். எழும்பினதும் வெறும் தேத்தண்ணீரோடு அனுப்பாதீர்கள். ஒரு ரொட்டியாவது வயிற்றுக்குள் போகட்டும். பத்து மணிக்கு வகுப்பில் தலை சுற்றி விழுகிற பிள்ளைக்கு நாங்கள் கணக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

கடைசியாக ஒரு வேலை. கீழ் லயத்திலிருந்து றோட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்குக் குறுக்கே போட்டிருக்கிற பலகையில் ஒன்று உளுத்துப்போய்விட்டது. லீவில் யாரும் அந்தப் பக்கம் போகாததால் பார்க்கவில்லை. மழைக்கு அதில் பாசியும் பிடித்திருக்கிறது. திறக்கிற அன்றைக்கு இருபதுக்கு மேல் பிள்ளைகள் அதைத்தான் தாண்ட வேண்டும். புதுப் பலகை இரண்டு தருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். தூக்கிவரவும் ஆணி அடிக்கவும் நாலு ஆம்பிளை ஆள் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. தேத்தண்ணீரும் ரொட்டியும் மடுவத்தில் தருகிறோம். வரக்கூடியவர்கள் போவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தக் குடம் தூக்க வெட்கப்பட்ட மாமா, உங்கள் பெயரை நான் முதலிலேயே எழுதிவிட்டேன்.